வெட்டுப்புள்ளி

முத்தையன்கட்டு வீதியோரத்து அலுவலகம்.
தகரம் சுடத் தொடங்கும் பதினொரு மணிக்கு
ஒரு தகப்பன் என் மேசையில் கோப்பொன்றை வைத்தார்.
பதினாறு பிளாஸ்ரிக் உறை.
சதுரங்கம், கணித ஒலிம்பியாட், ஆங்கிலப் பேச்சு.
உறைகளுக்குச் சொந்தக்காரன் அபிசாயன்
சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த நாட்டில திறமைக்கு எங்க பிள்ளை இடம்?"
எழுபதுகளில் தன் சித்தப்பாவை
தரப்படுத்தலில் வெட்டிய கதையைச் சொன்னார்.
அது நடந்ததுதான். நான் தலையாட்டினேன்.
அதே மூச்சில்,
"மூண்டு வருசமா இங்கதான் இருக்கிறம் எண்டு
ஒரு கடிதம் தந்தால் காணும்."

அவர்களுக்கு இங்கே தென்னங்காணி ஒன்று உண்டு.
வேலி நல்ல வேலி. கிணறு தூர்ந்துபோச்சு.
மூன்று வருடத்தில் நான் அங்கே கண்டது
இரண்டு மயிலும் கட்டாக்காலி மாடுகளும்.

வாங்கில் கலைவதனி காத்திருந்தாள்.
போன மாதம் நான்தான் அவளுக்கு எழுதினேன்:
வீட்டுத்திட்டத்துக்குத் தகுதி பெறவில்லை.
ஆளுக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு.
அவள் ஒருத்தி.
காணாமல் போனவரை ஆளாகப் போட
படிவத்தில் கட்டம் இல்லை.
"இன்னொரு ஆளுக்கு நான் எங்க மிஸ் போறது?"
என்று கேட்டிருந்தாள்.
கோபமாகக்கூட இல்லை, விலாசம் கேட்பதுபோல.

தகுதி, திறமை, புள்ளி.
எல்லாவற்றையும் ஒரே நீல மையால்தான் எழுதுகிறேன்.
அரிச்சுவடியில் படித்தது அடிக்கடி நினைவில் வரும்:
எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால்
அதிலிருந்த உயிர் போய்விடும்.

எனக்கு நாலாம் தசமதானத்தில் போனது.
அந்த வருடம் எங்கள் பாடசாலைக்கு
இரசாயன ரீச்சர் செவ்வாய்களில் மட்டும் வந்தார்,
பஸ் வந்தால்.
மாசிக்குப் பிறகு இடமாற்றம்.
இடாப்பில் எனக்கு மேலே ஒரு பெயர் இருந்தது.
அதற்குரியவனைப் பரீட்சையன்றுதான் கண்டோம்:
வானில் வந்திறங்கினான்,
மணிக்கூடு, இரண்டு கல்குலேற்றர்.
இப்போது எங்கோ வைத்தியர். நல்ல வைத்தியராம்.
இருக்கலாம்.

எனக்கு அந்த இடம் கிடைத்திருந்தால்
நெல்லியடியில், என்னைவிடக் கூடின புள்ளியோடு
ஒருத்தி அழுதிருப்பாள்.
அதையும் நான் யோசிக்காமலில்லை.
அவளுக்கு வாரத்தில் எத்தனை செவ்வாய் என்று
கேட்கத் தோன்றும். பிறகு
அவளும் நித்திரை முழித்துத்தானே படித்தாள் என்று தோன்றும்.
இந்த இடத்தில் என் கணக்கு எப்போதும் நின்றுவிடும்.

பேனாவைத் திறந்தேன்.
ஏனென்று தெரியாது. அந்தப் பெடியனின் முகமாக இருக்கலாம்.
அப்போதுதான் அவன் பல்லியை விட்டு
என்னைப் பார்த்துக் கேட்டான்:
"அன்ரி, இங்க கெமிஸ்ற்றி ஆர் படிப்பிக்கிறது?"

மூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு
வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போகிறது.
நான் வாய் திறக்கமுதல்
தகப்பன் சிரித்தார்.
"விசரா, நீ இங்க படிக்கவே போறாய்?"

பேனா மூடியைப் போட்டேன்.
அந்தச் சின்னச் சத்தம் அவருக்கும் கேட்டது.
உறைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்.
"திறமையின்ர அருமை
உங்கட ஆக்களுக்கு விளங்காது" என்றார்.
உங்கட ஆக்கள்.
இருவருக்கும் ஒரே மொழிதான்,
இடையில் ஆனையிறவு.

வாசலில் அவன் செருப்பைத் தேடியபடி
திரும்பிப் பார்த்தான்.
பதில் இன்னும் வரவில்லை என்பதுபோல.

கலைவதனி எழுந்து வந்து
சூடாறாத அந்தக் கதிரையில் இருந்தாள்.
தன் கடுதாசியை மேசையில் வைக்காமல்
வீதியையே பார்த்தாள்.

"கெட்டிக்காரப் பெடியன், என்ன மிஸ்?
இவ்வளவு காலத்தில
அவனொருத்தன்தான் கேட்டிருக்கிறான்."